விடுதி வேந்தரும் விதவிதமான பயணியரும்

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று பொருளாதாரப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே படிக்கின்றோம். சொந்த ஊரில் வாழ்பவனுக்கு இவற்றுள் கடைசியானதைப் பற்றி அன்றாடம் கவலை இல்லை. ஊரை விட்டுப் புறப்பட்டவனுக்கோ பொழுது சாயும் வேளையில் அதுவே முதற்கவலை ஆகிவிடுகிறது. அந்நாளில் நம் மன்னர்களும் செல்வர்களும் வழிநெடுகச் சத்திரங்களையும் சாவடிகளையும் கட்டி வைத்தது இதனை உணர்ந்துதான். சத்திரத்தில் வழிப்போக்கர் அனைவரும் சமமாக நடத்தப்பட்டனர் என்று சொல்வதற்கில்லை. பல இடங்களில் இன்னாருக்கு இன்ன பந்தி என்று வகுத்தே வைத்திருந்தனர். ஆனால் அந்தப் பாகுபாடு பிறப்பைப் பார்த்துச் செய்தது. ஒருவன் எதற்காக வந்திருக்கிறான், எத்தனை மணி நேரம் தங்குவான், எந்த வசதிக்குக் காசு கொடுக்க அவன் மனம் ஒப்பும் என்று பார்த்து வகுப்பது வேறொரு கலை. அக்கலையில் கைதேர்ந்த ஒருவரின் வாழ்க்கையை மாணவ மாணவியருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் பெயர் கான்ராட் நிக்கல்சன் ஹில்டன்.

நான் வணிகவியல் துறையில் சந்தையியல் பாடம் நடத்துபவன். சந்தையைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் ஏற்ற பண்டத்தை அளிக்க வேண்டும் என்னும் பகுதி வரும்போது ஆண்டுதோறும் ஏதாவதொரு வகுப்பில் ஒரு கேள்வி எழும். ஒரே கம்பெனி ஏன் பத்துப் பதினைந்து பெயர்களில் விடுதி நடத்துகிறது? எல்லாவற்றிற்கும் ஒரே பெயரை வைத்தால் விளம்பரச் செலவு மிச்சம் ஆகாதா? நல்ல கேள்விதான். இதற்குப் பாடநூல் தரும் விடை மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. அந்த மூன்று வரியை ஒரு மனிதர் அறுபது ஆண்டுகள் அனுபவித்துக் கற்ற வரலாறு அதைவிடச் சுவையானது.

ரயிலடியில் தொடங்கிய கல்வி

அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள நியூ மெக்சிகோ அப்போது ஒரு மாநிலமாகக்கூட ஆகவில்லை. அங்கே சான் அன்டோனியோ என்னும் சிற்றூரில் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் கான்ராட் பிறந்தார். தந்தை ஆகஸ்டஸ் ஹில்டன் நார்வே நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். தாய் மேரி ஜெர்மானிய மரபினர், ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடையவர். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். தந்தைக்குப் பலசரக்குக் கடை இருந்தது. சுரங்கத் தொழிலாளரும் கால்நடை மேய்ப்பவரும் அங்கே வந்துதான் சாமான் வாங்க வேண்டும். பேரம் பேசவும் ஆள் முகம் பார்க்கவும் மகன் கற்றுக்கொண்டது அந்தக் கடையில்தான்.

1907-இல் அமெரிக்காவில் பெரும் பண நெருக்கடி ஏற்பட்டது. கடை நிறையச் சரக்கு இருந்தது. வாங்குவோர் கையில் காசு இல்லை. பிள்ளைகளோ எட்டுப் பேர். குடும்பமாக உட்கார்ந்து யோசித்தனர். ஊர் ரயில் பாதையில் இருக்கிறது. தாயின் கைச்சமையல் சுற்று வட்டாரத்தில் பெயர் பெற்றது. வீட்டில் அறைகள் இருக்கின்றன. அந்த அறைகளை வாடகைக்கு விடுவது என்று முடிவாயிற்று. தாயும் பெண்மக்களும் சமையலைக் கவனித்தனர். இருபது வயதை எட்டாத கான்ராட் நள்ளிரவிலும் அதிகாலை மூன்று மணிக்கும் வரும் ரயில்களுக்குச் சென்று, இறங்கும் பயணியரின் பெட்டிகளைச் சுமந்து வீட்டிற்கு அழைத்து வருவார்.

வந்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் தோல் பையும் கையுமாக இறங்கும் மருந்துக் கம்பெனிக்காரரை நினைத்துக்கொண்டால் போதும், அப்படியே பொருந்தும். அவர்களுக்கு வேண்டியவை மூன்று: சுத்தமான படுக்கை, வயிறார உணவு, காலையில் நேரத்தோடு எழுப்பிவிடுதல். இவை கிடைத்தால் அடுத்த ஊரில் பத்துப் பேரிடம் சொல்வார்கள். செய்தி அப்படித்தான் பரவிற்று. விளம்பரத்திற்கு ஒரு காசும் செலவில்லை.

இதற்கிடையில் கான்ராட் சொக்கோரோ நகரில் இருந்த சுரங்கவியல் கல்லூரியில் படித்தார். அங்கே கற்ற கணக்குத்தான் பிற்காலத்தில் தமக்குப் பெரிதும் கைகொடுத்தது என்று அவர் கருதினார். 1912-இல் நியூ மெக்சிகோ மாநிலம் ஆனதும் அதன் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். அரசியல் அவருக்கு ஒத்துவரவில்லை. சொந்த ஊரில் சிறு வங்கி ஒன்றைத் தொடங்கி நடத்தினார். முதல் உலகப்போரில் படையில் சேர்ந்து பிரான்சுக்குச் சென்றார். அவர் அங்கே இருந்தபோதே தந்தை மோட்டார் விபத்தில் மாண்டார். திரும்பி வந்தபோது வயது முப்பத்தொன்று. கையில் ஐயாயிரம் டாலரும், பெரிய வங்கி முதலாளி ஆகவேண்டும் என்ற ஆசையும் இருந்தன.

வங்கி வாங்கப் போனவர்

1919-இல் டெக்சாஸ் மாநிலத்தில் எண்ணெய் கொழித்துக்கொண்டிருந்தது. ரேஞ்சர் என்னும் ஊரில் 1917-இல் எண்ணெய் பீறிட்டதிலிருந்து அப்பகுதியே திருவிழாக் கூட்டமாக மாறியிருந்தது. அதற்கு அருகில் உள்ள சிஸ்கோ என்னும் ஊருக்கு ஹில்டன் வங்கி ஒன்றை விலை பேச வந்தார். 75,000 டாலர் என்று பேச்சு. இவர் சம்மதம் தெரிவித்ததும், உரிமையாளர் 80,000 என்று தந்தி அடித்துவிட்டார். ஹில்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. வங்கியே வேண்டாம் என்று எதிரே இருந்த மோப்ளி என்னும் இரண்டு மாடிச் செங்கல் விடுதிக்கு உறங்கச் சென்றார்.

அங்கே இடம் கிடைத்தால்தானே! முன்கூடத்தில் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தனர். நாற்பது அறைகள், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு மூன்று முறை வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் வயலில் முறை வைத்து வேலை செய்பவர்கள் எட்டு மணி நேரம் உறங்கி எழுந்து போனால், அதே கட்டிலில் அடுத்த ஆள் வந்து படுப்பான். இவ்வளவு நடந்தும் விடுதிக்காரருக்குத் திருப்தி இல்லை. எண்ணெயில் பணம் போட்டிருந்தால் இதைவிடச் சம்பாதித்திருக்கலாமே என்ற ஏக்கம் அவருக்கு. விற்கத் தயாராக இருந்தார். ஹில்டன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். தம் சேமிப்பு, தாய் தந்த பணம், நண்பர்கள் தந்தது, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்து 40,000 டாலருக்கு மோப்ளியை வாங்கிவிட்டார்.

வாங்கியதும் அவர் செய்த முதல் வேலையைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தை மூடிவிட்டு அங்கே கட்டில்களைப் போட்டார். நம் பக்கத்தில் ஓட்டல் என்றால் இட்லி, காப்பி கிடைக்கும் இடம். தங்குமிடத்திற்கு லாட்ஜ் என்று பெயர். ஆகவே நம் வழக்குப்படி சொன்னால், ஹில்டன் ஓட்டலை மூடிவிட்டு லாட்ஜை விரிவுபடுத்தினார்! எண்ணெய்த் தொழிலாளி அங்கே சாப்பிட வரவில்லை. அவனுக்கு வேண்டியது எட்டு மணி நேரத் தூக்கம். சாப்பாட்டுக் கூடம் அவனுக்குப் பயன்படாத இடம். முதலாளிக்கு நட்டம் தரும் இடம். வரவேற்பு மேசையின் நீளத்தில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் செய்தித்தாளும் புகையிலையும் விற்கும் சிறு கடையை வைத்தார். வீணாகக் கிடக்கும் ஒவ்வொரு சதுர அடியையும் வருமானம் தரும் இடமாக மாற்றுவதைப் பூமியைத் தோண்டிப் பொன் எடுப்பதற்கு ஒப்பிடுவது அவர் வழக்கம்.

ஆனால் தாம் பிறந்த வீட்டில் விற்பனைப் பிரதிநிதிகளைக் கவர்ந்தது தாயின் சமையல் என்பதை இவர் மறந்துவிட்டாரா? மறக்கவில்லை. அந்தப் பயணி வேறு, இந்தப் பயணி வேறு. ஒருவனுக்கு உயிரானது மற்றவனுக்கு வேண்டாதது. என் வகுப்பில் எழும் கேள்விக்கு உரிய விடையின் பாதி, மோப்ளி விடுதியின் அந்த மூடப்பட்ட சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

சன்னல் இல்லாத சுவர்

அடுத்த சில ஆண்டுகளில் டெக்சாஸ் நகரங்களில் பழைய விடுதிகள் சிலவற்றை வாங்கிச் சீர்செய்தார். பிறகு தம் பெயரிலேயே புதிதாகக் கட்டும் ஆசை வந்தது. டல்லஸ் நகரில் நல்ல இடம் ஒன்று கண்ணில் பட்டது. விலைக்கு வாங்கினால் கையிருப்பு எல்லாம் நிலத்திலேயே முடங்கிவிடும். எனவே ஆண்டுக்கு 31,000 டாலர் வீதம் 99 ஆண்டுகளுக்குக் குத்தகை பேசினார். அந்தக் குத்தகை உரிமையையே அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டார். தமக்குச் சொந்தமில்லாத நிலத்தை ஈடு காட்டிக் கட்டடம் எழுப்பும் வித்தை இது. வணிகவியல் மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். பாதிக் கட்டடத்தில் பணம் தீர்ந்துபோய், நிலத்துக்காரரே மிச்சத்தைக் கட்டி முடித்து இவருக்கு வாடகைக்கு விட நேர்ந்தது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

1925 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அந்த டல்லஸ் ஹில்டன்தான் அவர் பெயர் தாங்கிய முதல் விடுதி. அக்காலத்தில் அறைகளுக்குக் குளிர்சாதனம் கிடையாது. டெக்சாஸ் வெயிலைப் பற்றி மதுரை, வேலூர் மாணவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மேற்குப் பக்கத்து அறைகள் பிற்பகலில் உலைக்களமாகிவிடும். எனவே மேற்குச் சுவரில் விருந்தினர் அறைகளையே வைக்காமல், லிப்டுகளையும் அழுக்குத் துணி இறங்கும் குழாய்களையும் காற்றுப் போக்கிகளையும் அப்பக்கம் ஒதுக்கிவிட்டார். அங்கே தங்க வந்தவர்கள் நடுத்தர வருவாயினர், வணிகத்திற்காக வந்தவர்கள். அவர்களுக்கு ஆடம்பரம் வேண்டாம்; பகலெல்லாம் அலைந்துவிட்டு வந்தால் அறை வெந்துபோயிருக்கக் கூடாது. குறைந்த கட்டணத்தில் நிறைந்த வசதி என்பதே அவருடைய அந்நாளைய விளம்பரம். அபிலீன், வேக்கோ, லப்பக், எல் பாசோ என்று டெக்சாஸ் முழுவதும் விடுதிகள் எழுந்தன.

எல் பாசோ விடுதி திறந்தது 1930-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியிருந்தது. பிரதிநிதிகளை ஊர் ஊராக அனுப்புவதைக் கம்பெனிகள் நிறுத்திவிட்டன. பயணி இல்லாத ஊரில் விடுதி எதற்கு? ஹில்டன் செலவைச் சுருக்கப் பல மாடிகளைப் பூட்டினார். அறைகளிலிருந்த தொலைபேசிகளைக்கூட எடுத்தார். கால்வஸ்டன் நகரத்து மூடி குடும்பத்தாரிடம் வாங்கிய மூன்று இலட்சம் டாலர் கடனுக்குத் தவணை கட்ட இயலவில்லை, அடமானம் மூழ்கிவிட்டது. விடுதிகள் அவர்கள் கைக்குப் போயின. அவர்களே இவரைச் சம்பளத்திற்கு நிருவாகியாக வைத்துக்கொண்டனர். பிறகு பிணக்கு, வழக்கு, பாகப்பிரிவினை எல்லாம் நடந்து ஒருவாறு ஐந்து விடுதிகளுடன் மீண்டார். அந்த இருண்ட நாள்களில் பெட்டி தூக்கும் பணியாள் ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பான 300 டாலரை இவர் கையில் வைத்துவிட்டுப் போனார் என்பது அவரே தம் தன்வரலாற்றில் எழுதியுள்ள செய்தி. அவரைப் பற்றிய புகழுரைகள் எல்லாவற்றையும்விட இந்த 300 டாலர் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஒரு கணக்குப் புத்தகம், பல முகங்கள்

அந்தக் கடன்கார நாள்களில், 1931-இல், நியூயார்க்கில் புதிதாக எழுந்த வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியின் படத்தைப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். பிற்பாடு சொந்தமாக ஒரு மேசை வாங்கியதும், அதன் கண்ணாடிக்கு அடியில் அப்படத்தைச் செருகி வைத்தார். சலவைக் கூலிக்கே திண்டாடியவர் உலகின் ஆடம்பர விடுதிக்கு ஆசைப்பட்டால் பைத்தியம் என்றுதான் ஊர் சொல்லும்.

1938-இல் சான் பிரான்சிஸ்கோவில் சர் பிரான்சிஸ் டிரேக் விடுதியை வாங்கித் தலையெடுத்தார். 1943-இல் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட், அதே ஆண்டில் பிளாசா. 1945-இல் சிகாகோவின் ஸ்டீவன்ஸ், பாமர் ஹவுஸ் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பட்டியலைப் படிப்பது எளிது. ஆனால் இந்த விடுதிகள் ஒன்றோடொன்று உறவே இல்லாதவை. பிளாசா 1907-இல் திறக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகப் பெருஞ்செல்வர் தங்கும் இல்லமாக விளங்கியது. சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே குடியிருந்தனர். டெக்சாஸ்காரர் வாங்கிவிட்டார் என்றதும் அவர்களுக்குக் கலக்கம். ஸ்டீவன்ஸோ ஏறத்தாழ 3,000 அறைகள் கொண்டது. அன்றைக்கு உலகிலேயே பெரிய விடுதி அதுதான். மாநாட்டிற்கும் பொருட்காட்சிக்கும் கூட்டம் கூட்டமாக வருவோர்க்கு உரியது. போர்க்காலத்தில் அதனை இராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது என்றால் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

வேறொருவராக இருந்தால் எல்லாவற்றிற்கும் ஒரே பெயர்ப்பலகை, ஒரே திரைச்சீலை, ஒரே உணவுப்பட்டியல் என்று மாற்றியிருப்பார். ஹில்டன் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு விடுதிக்கும் அதற்கே உரிய குணம் ஒன்று உண்டு, அதைக் கெடுக்கக்கூடாது என்பதைத் தம் முதல் விதியாக வைத்துக்கொண்டார். பிளாசா பிளாசாவாகவே இருந்தது. பாமர் ஹவுஸின் பெயரும் மாறவில்லை. ஸ்டீவன்ஸ் மட்டும் 1951-இல் கான்ராட் ஹில்டன் எனப் பெயர் மாற்றப்பட்டது. மாநாட்டுக்கு வரும் வணிகருக்கு அந்தப் பெயர் இடைஞ்சல் இல்லை, உதவியே.

முகம் பலவானாலும் முதுகுப்புறம் ஒன்றுதான். சோப்பு, படுக்கை விரிப்பு, கம்பளம் முதலியவற்றை எல்லா விடுதிகளுக்கும் சேர்த்து மொத்தமாகக் கொள்முதல் செய்தார். வரப்போகும் நாள்களில் எத்தனை விருந்தினர் வருவர் என்று ஒவ்வொரு விடுதியும் முன்கூட்டியே கணித்து, அதற்கேற்பச் சமையற்காரர், பரிமாறுவோர், அறை துடைப்போர் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு நகரத்து விடுதியில் இருப்பவர் அடுத்த நகரத்து விடுதியில் அறை பதிவு செய்து கொடுப்பார். பயணியின் கண்ணுக்குப் படும் இடத்தில் வேற்றுமை, படாத இடத்தில் ஒற்றுமை. இன்றைய விடுதிக் கம்பெனிகள் பல பெயர்களில் இயங்குவதன் சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

பொன் தோண்டுவதை மட்டும் எங்கும் விடவில்லை. பிளாசாவில் பங்குத் தரகர் ஒருவருக்குச் சொற்ப வாடகைக்கு விட்டிருந்த இடத்தை மீட்டு, மது அருந்தும் கூடம் ஆக்கினார். வால்டார்ஃபின் முன்கூடத்தில் வீணே நின்ற போலித் தூண்களைக் கண்ணாடிப் பெட்டிகளாக்கி நகைக் கடைக்காரர்க்கும் வாசனைப் பொருள் வணிகர்க்கும் வாடகைக்கு விட்டார். ஆம், அந்த வால்டார்ஃப் 1949-இல் அவர் கைக்கு வந்துவிட்டது. மேசைக் கண்ணாடிக்கடியில் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த படம் அது. அதற்கு முன்பே, 1946-இல் தம் விடுதிகளை ஒரு கூட்டுப் பங்கு நிறுமமாக்கி, 1947-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடச் செய்திருந்தார். விடுதித் தொழிலில் அப்படிப் பட்டியலேறிய முதல் நிறுமம் அதுவே.

ஸ்டாட்லரின் சொத்து

இங்கே இன்னொருவரையும் அறிமுகம் செய்தாக வேண்டும். எல்ஸ்வர்த் ஸ்டாட்லர் (1863–1928) என்பவர் சிறுவயதில் விடுதி ஒன்றில் பெட்டி தூக்கும் பையனாக இருந்து முன்னேறியவர். 1908-இல் பஃபலோ நகரில் அவர் திறந்த விடுதியில் ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை இருந்தது; கட்டணமோ ஒன்றரை டாலரில் தொடங்கியது. அதுவரை தனிக் குளியலறை செல்வருக்கே உரியது. நடுத்தரப் பயணி தாழ்வாரத்தின் கோடியில் உள்ள பொதுக் குளியலறையில் துண்டோடு வரிசையில் நிற்க வேண்டும். ஸ்டாட்லர் அடுத்தடுத்த அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் வைத்து, நடுவில் ஒரே செங்குத்துக் கூண்டில் தண்ணீர்க் குழாய்களையும் கழிவுக் குழாய்களையும் மேலிருந்து கீழ்வரை இறக்கினார். செலவு பாதியாகக் குறைந்தது. கதவருகே விளக்கு விசை, காலையில் கதவடியில் இலவசச் செய்தித்தாள் என்று ஒவ்வொன்றும் வணிகப் பயணியின் அன்றாடத் தொல்லையைப் பார்த்துப் பார்த்துச் செய்தவை. என்னைக் கேட்டால், கண்டுபிடிப்பில் ஸ்டாட்லரே பெரியவர். ஹில்டன் வாங்குவதிலும் நடத்துவதிலும் பெரியவர்.

அந்த ஸ்டாட்லர் விடுதிகளை 1954-இல் ஹில்டன் 111 மில்லியன் டாலருக்கு, அதாவது பதினோரு கோடியே பத்து இலட்சம் டாலருக்கு வாங்கினார். வேறொரு கட்டட வணிகர் விலை பேசி முடிக்கும் தறுவாயில், ஸ்டாட்லரின் மனைவியாரை நேரில் சந்தித்துத் தம் பக்கம் திருப்பினார். வாங்கிய பிறகும் ஸ்டாட்லர் என்னும் பெயரை அழிக்கவில்லை; ஸ்டாட்லர் ஹில்டன் என்று இரண்டையும் சேர்த்தார். அப்பெயரை நம்பி வரும் பிரதிநிதிகள் கூட்டத்தையும் சேர்த்துத்தானே விலை கொடுத்திருக்கிறார்! ஆனால் ஒரே நகரத்தில் பல பெரிய விடுதிகள் ஒரே கையில் சேர்வது போட்டியை ஒழிக்கும் என்று அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 1956-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி வாஷிங்டனில் உள்ள மேஃபிளவர் உட்படச் சில விடுதிகளை விற்க வேண்டியதாயிற்று. பல பெயர்களில் இருந்தாலும் கல்லாப்பெட்டி ஒன்றே என்பதை அரசாங்கம் கண்டுகொண்டது.

கடல் கடந்தபோது

வெளிநாடுகளில் அவர் நடந்துகொண்ட முறை வேறு. போர்ட்டோ ரீக்கோ அரசு தன் செலவில் விடுதி கட்டி, நடத்த ஆள் தேடியது. ஹில்டன் முன்வந்தார். கட்டடம் அரசுடையது, நிருவாகம் இவருடையது; செயல்முறை இலாபத்தில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. 1949-இல் திறந்த கரீப் ஹில்டன் இவ்வாறு பிறந்தது. அதே வழியில் மாட்ரிட் (1953), இஸ்தான்புல் (1955), கெய்ரோ (1959) என்று பரவிற்று. அங்கெல்லாம் ஹில்டன் என்ற பெயரே முன்னின்றது. காரணம், அங்கே வருபவர் பெரும்பாலும் ஒரே வகை: அமெரிக்க வணிகரும் அமெரிக்கச் சுற்றுலாவினரும். தெரியாத நாட்டில் தெரிந்த பெயர் அவர்களுக்குத் தெம்பு. குளிர்சாதனமும் பனிக்கட்டி நீரும் ஊரில் உள்ளதுபோலவே கிடைத்தன. உள்நாட்டில் விடுதிக்கு விடுதி வேற்றுமையைப் போற்றியவர், வெளிநாட்டில் ஒரே மாதிரி இருப்பதையே விற்றார். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. கெய்ரோவில் நைல் நதிக்கரையில் நின்றுகொண்டு சிகாகோவைக் காட்டுவது பயணிக்குச் செய்யும் உதவியா என்பது சிந்திக்கத்தக்கது. ஹவானாவில் 1958-இல் திறந்த ஹில்டனை அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஃபிடல் காஸ்ட்ரோ தம் தலைமையிடமாக்கிக்கொண்டார். 1960-இல் அது நாட்டுடைமை ஆகி, சுதந்திர ஹவானா என்ற பொருள்படும் பெயரைப் பெற்றது.

மற்றொன்றையும் சொல்லாமல் விட்டால் இவ்வரலாறு முழுமையாகாது. பயணியரை இத்தனை வகையாகப் பிரித்தறிந்த அந்த அமெரிக்க விடுதித் தொழில், ஒரு வகையினரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. டெக்சாஸ் உள்ளிட்ட தென் மாநிலங்களில் வெள்ளையர் தங்கும் விடுதிகள் பொதுவாகக் கறுப்பின மக்களுக்கு அறை கொடுப்பதில்லை. கையில் காசு இருந்தும் காரிலேயே இரவைக் கழித்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு இடம் தரும் விடுதிகளைத் தொகுத்து விக்டர் கிரீன் என்னும் தபால் ஊழியர் 1936 முதல் ஒரு கையேடு வெளியிட வேண்டியிருந்தது. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் வந்த பிறகே அந்தக் கதவு சட்டப்படி திறந்தது. சத்திரத்துப் பந்தியைப் பற்றித் தொடக்கத்தில் குறிப்பிட்டேன். பிறப்பைப் பார்த்து வகுப்பது நம் நாட்டோடு நின்றுவிடவில்லை.

பெயர் பிரிந்த கதை

விமானப் பயணம் பெருகியதும் அதற்கேற்ற விடுதி வேண்டியதாயிற்று. 1959-இல் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தருகே ஒரு ஹில்டன் திறக்கப்பட்டது. விமானம் மாறும் இடைவேளையில் ஓர் இரவு தலைசாய்ப்பவர் அங்கே தங்கினர். எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டிய சிஸ்கோத் தொழிலாளியின் தேவையேதான், உடை மட்டும் வேறு.

1964-இல் வெளிநாட்டு விடுதிகள் தனி நிறுமமாகப் பிரிக்கப்பட்டன. 1967-இல் அதனை ஒரு விமானக் கம்பெனி வாங்கிற்று. இதனால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. அமெரிக்காவுக்குள் ஹில்டன் என்னும் பெயர் ஒரு கம்பெனிக்கு, வெளியே அதே பெயர் இன்னொரு கம்பெனிக்கு! பெரியவரின் சொந்தக் கம்பெனி வெளிநாட்டில் விடுதி திறக்க விரும்பியபோது குடும்பப் பெயரைப் பயன்படுத்த வழியில்லை. எனவே 1982-இல் அவருடைய முதற்பெயரான கான்ராட் என்பதையே ஒரு தனி வணிகப் பெயராக்கினர். அது உயர்தரப் பயணியருக்கான பெயராக வளர்ந்தது. 1999-இல் பிரோமஸ் என்னும் கம்பெனியை வாங்கியபோது மேலும் பல பெயர்கள் வந்து சேர்ந்தன. காரில் குடும்பத்தோடு செல்பவர் காலைச் சிற்றுண்டியோடு சிக்கனமாகத் தங்க ஹாம்ப்டன். வரவேற்பறையும் படுக்கையறையும் தனித்தனியே வேண்டுவோர்க்கு எம்பஸி ஸ்வீட்ஸ். வாரக்கணக்கில் தங்கித் தாமே சமைத்துக்கொள்வோர்க்கு, அறைக்குள்ளேயே அடுப்படி உள்ள ஹோம்வுட். பிரிந்திருந்த இரு ஹில்டன்களும் 2006-இல் ஒன்றாயின. இன்று அந்தக் குடையின்கீழ் இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இத்தனை தேவையா என்று கேட்டால், சிலவற்றுக்கிடையே உள்ள வேற்றுமை பயணிக்குத் தெரிவதைவிடக் கம்பெனியின் விளம்பரத் துறைக்கே நன்றாகத் தெரியும் என்றுதான் சொல்வேன். கட்டில், குளியலறை, அடுப்படி இவற்றில் வேற்றுமை இருந்தால் அது வகை. சுவரின் வண்ணத்தில் மட்டும் இருந்தால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

ஹில்டனின் சொந்த வாழ்வு சீரானதன்று. மூன்று முறை மணம் புரிந்தார். முதலிரண்டும் மணமுறிவில் முடிந்தன. 1957-இல் தன்வரலாறு எழுதி, தம் விடுதி அறைகளில் வைக்கச் செய்தார். 1979 ஜனவரி 3-ஆம் நாள் தம் 91-ஆம் வயதில் காலமானார். செல்வத்தின் பெரும்பகுதியை 1944-இல் தாம் நிறுவிய அறக்கட்டளைக்கே உயில் எழுதி வைத்திருந்தார். மகன் பாரன் வழக்காடினார். நெடுநாள் இழுத்து 1988-இல் சமரசம் ஏற்பட்டது.

சிஸ்கோ ஊரில் மோப்ளி விடுதிக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அறக்கட்டளையின் பொருளுதவியால் பழுது பார்க்கப்பட்டு, ஊர்ப் பொதுமன்றமாகவும் சிறு அருங்காட்சியகமாகவும் விளங்குகிறது. வாடகைக்கு அங்கே அறை கிடையாது.